எவர்சில்வர் துப்பாக்கி

"பனியில புதைச்சு வெச்சு, மறுநாள் எடுத்துச் சுட்டாலும் வெடிக்குமா?" என்று கேட்டான் ரெய்னோ.

"வெடிக்கும்," என்றாள் துப்பாக்கிக் கடை லெம்பி.

"விடாம மழையில நனைஞ்சா?"

"வெடிக்கும்."

"ஏரியில விழுந்து, அப்புறம் எடுத்து..."

"தம்பி, நீ மான் சுடப் போறியா, மீன் சுடப் போறியா?"

பக்கத்தில் நின்ற கலெர்வோ கடை அதிரச் சிரித்தார். அவர் ரெய்னோவின் மனைவிக்கு அண்ணன். வேட்டைக் குடிலுக்குத் தலைவரும் அவர்தான்.

"கேக்கட்டும் லெம்பி. போன வருஷம் பட்ட அவமானம் அப்படி!"

அவமானம்தான். போன நவம்பரில் சுப்பீரியர் ஏரியிலிருந்து கிளம்பிவந்த பனிப்புயல், குடிலில் இருந்த நான்கு துப்பாக்கிகளையும் கவிழ்த்துவிட்டது. கலெர்வோவின் குறிக்கண்ணாடியில் பனி மூடிக்கொண்டது. குடில் கூட்டாளிகளில் கார்லுக்குத் தோட்டா நனைந்துவிட்டது. ஓலாவிக்குக் குழலுக்குள் ஐஸ். ரெய்னோவுக்கு விசை உறைந்துபோயிற்று. அதே பனியில் ஆற்றுக்கு அக்கரைக் குடில்காரர்கள், சுட்ட மானைத் தொங்கவிடும் தங்கள் கம்பத்தில் ஆறு மான்களைத் தொங்கவிட்டார்கள். கடைசி நாள் ஆற்றைத் தாண்டி வந்து, "உங்க கம்பம் சும்மாத்தானே இருக்கு, எங்க ஈரத் துணியைக் காயப்போட்டுக்கலாமா?" என்று வெகு மரியாதையாகக் கேட்டார்கள்.

"இந்த வருஷம் நம்ம கம்பத்துல ஒரு மானாவது தொங்கியாகணும்," என்றார் கலெர்வோ. "அது நீ சுட்ட மானா இருக்கணும், மாப்ள. நம்மள்ல சின்னவன் நீ. கண்ணும் நல்லாத் தெரியுது."

"கண்ணு தெரிஞ்சா போதுமா மச்சான்..."

"மறுபடி விசை, கிசைன்னு கதை சொன்னே, அடுத்த வருஷம் குடில்ல உன் கட்டில்ல கார்லோட நாய்தான் படுக்கும். பாத்துக்கோ."

அந்தக் கட்டிலை விட்டுக்கொடுப்பது ரெய்னோவால் ஆகாத காரியம். வருஷம் முழுக்கப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவனுக்கு, முதுகுக்குப் பின்னால் யாரும் கத்தாத நாட்கள் குடிலில் தங்கும் அந்தச் சில நாட்கள் மட்டும்தான். நீராவிக் குளியல், சீட்டாட்டம், மானே கிடைக்காவிட்டாலும் கலெர்வோ மணக்க மணக்க வைக்கிற மாட்டிறைச்சிக் குழம்பு.

லெம்பி மூன்று துப்பாக்கிகளை வரிசையாக வைத்தாள்.

"இது மரக்கட்டை. ஈரத்துல ஊதிக்கும், குறி விலகும்."

"இது அழகா இருக்கே!" என்றான் ரெய்னோ.

"நாம என்ன பொண்ணு பாக்கவா வந்திருக்கோம்?" என்றார் கலெர்வோ. "அடுத்தது."

"இது வெறும் இரும்புக் குழல். எண்ணெய் போட்டுக்கிட்டே இருக்கணும். இல்லேன்னா துரு."

"எண்ணெய் போடறது எனக்குப் பிடிக்கும்."

"நீ மறந்துடுவே. அடுத்தது!"

"இது எவர்சில்வர் குழல், பிளாஸ்டிக் கட்டை. நம்ம வீட்டுப் பாத்திரம் மாதிரி. கழுவிக் கவுத்து வெச்சா போதும். எந்தப் பருவத்துலயும் காலை வாராது."

ரெய்னோ அதைக் கையில் வாங்கினான். மனைவி வீட்டாரின் பழைய கடனைக் கையில் வாங்கியதுபோல இருந்தது அவன் முகம்.

"இதையே கட்டு," என்ற கலெர்வோ, மாப்பிள்ளையின் சட்டை நுனியை வெளியே இழுத்துப் பார்த்தார். "சட்டை நல்லா இருக்கு. குறி தவறவிட்டு இதையும் தொலைச்சுடாதே."

எங்கள் பக்கம் அதுதான் சட்டம். மானைக் குறி தவறவிட்டால் சட்டையின் பின்வாலை வெட்டி, பெயர் எழுதி, குடில் சுவரில் ஆணியடித்துவிடுவார்கள். அங்கே ரெய்னோவின் பெயரில் மட்டும் மூன்று துண்டுகள் தொங்கின. துப்பாக்கி கெட்டுப்போனால் சட்டைக்குச் சேதமில்லை.

வண்டியைச் சூடாக்கி வைப்பதற்காகக் கலெர்வோ வெளியே போனார்.

"பயப்படாதே தம்பி," என்றாள் லெம்பி. "இது உன்னைக் கைவிடாது."

"அதுதான் அக்கா பயமே." ரெய்னோ வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "ரோட்டுல மான் குறுக்க வந்தா பஸ்ஸை நிறுத்தி, சிவப்பு விளக்கைப் போட்டு, பின்னாலயே குட்டி வருதான்னு பாத்துட்டுக் கிளம்பறவன் நான். போன வருஷம் ஒண்ணு பக்கத்துல நின்னு என்னையே பாத்துச்சு. விசை ஒண்ணும் உறையலை. நான்தான் உறைஞ்சுபோய் நின்னேன்."

"அந்த மூணு சட்டை?"

"வேணும்னே ஆகாசத்தைப் பாத்துச் சுட்டேன். மூணும் நல்ல சட்டை. இப்ப இந்த எவர்சில்வரைத் தூக்கிட்டுப் போனா, எதைக் காரணம் சொல்றது? சுடாம வந்தா கட்டில் போயிடும். சுட்டா தூக்கம் போயிடும்."

லெம்பி துப்பாக்கியின் பின்பகுதியைக் கழற்றி, உள்ளேயிருந்து மெல்லிய இரும்பு ஊசி ஒன்றை உருவினாள்.

"தோட்டாவை முதுகுல தட்டறது இதுதான். இது இல்லேன்னா எத்தனை தடவை அழுத்தினாலும் 'டிக்'னு சத்தம் மட்டும்தான் வரும். புதுத் துப்பாக்கி, கடைக்காரி ஏமாத்திட்டான்னு என் தலையில போடு. வேட்டைக் காலம் முடிஞ்சதும் வந்து வாங்கிக்கோ."

ரெய்னோவுக்குக் கண் கலங்கிவிட்டது. "மச்சானுக்கு மட்டும் தெரியவேண்டாம் அக்கா. என்னை மாதிரி ஒரு பயந்தாங்கொள்ளியை அந்தக் குடில் பாத்திருக்காது."

வெளியே ஹாரன் அலறியது.

லெம்பி கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு காப்பி டப்பாவை எடுத்துத் திறந்தாள். உள்ளே ஏற்கெனவே மூன்று ஊசிகள் கிடந்தன.

"இது கார்லோடது, இது ஓலாவியோடது," என்றபடி நான்காவதை உள்ளே போட்டாள். "அந்த இன்னொண்ணு, வெளிய ஹாரன் அடிச்சிட்டிருக்காரே, அவரோடது. இந்த வருஷம் முதல் ஆளா வந்து குடுத்துட்டுப் போனதும் அவர்தான்."