பதினைந்தாவது வாக்கு

கைதட்டல் ஓய்வதற்குள் பெனில்டா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நீதிபதி செவெரினோ மகலோனாவின் நாற்காலிக்கு முன்னால் நின்றாள்.

அவர் பழக்கதோஷத்தில் புறங்கையை நீட்டினார். ஞானப்பிள்ளைகள் அதை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொள்வார்கள். அவள் பிடித்துக் குலுக்கினாள்.

அன்று அவருக்கு எழுபது வயது. உச்ச நீதிமன்றத்தில் கடைசி நாள். மணிலாவின் பெரிய வக்கீல்களெல்லாம், முழுசாக வறுத்து வைத்திருந்த பன்றியின் மொறுமொறுத் தோலுக்கு முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள்.

சக நீதிபதி ஒருவர் சற்றுமுன்தான் புகழ்ந்து தள்ளியிருந்தார். பக்கோலோடில் சின்ன நீதிமன்றத்தில் தொடங்கியவர், யாரிடமும் ஒரு மாம்பழம்கூட வாங்காதவர், கரும்பு நில வழக்கில் தன் ஞானமகளின் குடும்பம் இருக்கிறது என்பதற்காகச் சட்டம் கேட்காமலேயே விலகி நின்றவர்.

அந்த வழக்கை நடத்தியது பெனில்டாவின் புருஷன்தான், ஊர் விவசாயிகள் எல்லோருக்குமாக.

நீதிபதிகள் பதினைந்து பேர். செவெரினோ விலகியதும் பதினான்கு. ஏழு பேர் விவசாயிகள் பக்கம், ஏழு பேர் பண்ணையார் பக்கம். சமமாக நின்றால் கீழ்க்கோர்ட் தீர்ப்பே நிலைக்கும். நிலம் பண்ணையாருக்குப் போனது.

தன் வாக்கு யாருக்கு என்பதில் செவெரினோவுக்கு முதல் நாளிலிருந்தே சந்தேகம் இருந்ததில்லை. அது விவசாயிகளுக்கு. இத்தனை வருஷமாக அது அவரை உறுத்திக்கொண்டுதான் இருந்தது. கை சுத்தமாவது மிஞ்சியதே என்று மனதைத் தேற்றிக்கொள்வார்.

பெனில்டா ஒரு பொட்டலத்தை நீட்டினாள். வெல்லம் வைத்துச் சுட்ட பியாயா ரொட்டி. அவள் அப்பா அவருடைய பழைய கோர்ட்டில் டவாலி.

"அப்பாவால நடக்க முடியல ஐயா, இதக் குடுக்கச் சொன்னாரு. அப்புறம்... எங்க கேஸ்ல ஒரு ஞானமகள்னு மேடையில பேசினவரு சொன்னாரே, அது யாருங்க? எங்க ஊர்ல அப்படி யாரும் இல்லையே."

அவர் சிரித்துவிட்டார்.

"என்னம்மா இப்படிக் கேக்கற? நீதான். உன் கல்யாணத்துல ஞானத்தகப்பனா, நினோங்கா நின்னது நான்தானே? உன் மாமியார் தேம்பித் தேம்பி அழுதது இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது."

பெனில்டா தயங்கினாள்.

"மாமியார் எங்க கல்யாணத்துக்கு முன்னாடியே தவறிட்டாங்க ஐயா. அன்னிக்குப் புயல். மணிலாவுலேர்ந்து விமானமே கெளம்பல. உங்களுக்குப் பதிலா எங்க மாமாதான் நினோங்கா நின்னு கையெழுத்துப் போட்டாரு. நீங்க அனுப்பின ரைஸ் குக்கர் மட்டும் பின்னாடி வந்துச்சு."

நீதிபதி என்றால் ஊரில் பாதிக் கல்யாணத்துக்கு ஞானத்தகப்பன் அவர்தான். யாருக்கும் மாட்டேன் என்று சொன்னதில்லை. எல்லாக் கல்யாணத்திலும் ஜோடியின் மேல் போர்த்தும் அதே வெள்ளைத் துணி, சுற்றிப் போடும் அதே கயிறு, அதே கேக். அழுதது எந்த வீட்டு மாமியாரோ?

டவாலிக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். வழக்கு நடக்கும்போது அந்த வீட்டுக்குப் போன் செய்வது நேர்மை ஆகாது என்றுதான் அவர் செய்யவில்லை.

எதை நேர்மை என்று இத்தனை நாள் கட்டிக்கொண்டு அழுதோம் என்று அவருக்கு நெஞ்சு எரிந்தது. மேடையிலிருந்து அவர் பெயரை அழைத்தார்கள். அவர் எழுந்திருக்கவில்லை.

அவர் முகம் போன போக்கைப் பார்த்து, கல்யாணத்துக்கு வராமல் போனதற்குத்தான் வருந்துகிறார் என்று பெனில்டா நினைத்துவிட்டாள். குனிந்து அவர் கையை மெல்லத் தட்டிக்கொடுத்தாள்.

"அதுக்கென்ன ஐயா, விடுங்க. நெலத்த விட்டு எங்களத் தொரத்தினப்ப, மொதல்ல அந்தக் குக்கரத்தான் தூக்கிட்டு வந்தேன். இன்னிக்கும் அதுலதான் சோறு வேகுது."