கலைத்துப் போட்ட சாவிகள்

இருட்டிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. கனத்த கதவு ஒன்று கிரீச்சென்று திறந்தது. பின்னாலேயே, பித்தளைத் தட்டில் சில்லறையைக் கொட்டினதுபோல ஒரு சத்தம்.

ஸ்வீட்லின் மடியிலிருந்த பிள்ளையை இறுக்கிக்கொண்டாள்.

திறந்தது அவள் வீட்டுக் கதவு இல்லை. பக்கத்துப் போர்ஷன் நாகேஷின் கம்ப்யூட்டருக்குள் ஏதோ ஒரு கதவு. அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் என்ன, நெஞ்சு கேட்டால்தானே.

அவள் புருஷன் ஜெபசிங்குக்குச் சென்னையில் வேலை. கடைசி டிரெயினில் திருத்தணியில் இறங்கி வீடு வந்து சேர்வதற்குள் தெரு அடங்கிவிடும். அதுவரை அவளும் பல் முளைக்கிற பிள்ளையும்தான். வீட்டிலிருந்த ஒரே செல்போனும் அவனோடு போய்விடும்.

கதவைத் தாழ் போட்டுக்கொள்ளவும் வழியில்லை. போட்டால் அவன் வந்து தட்ட வேண்டும். தட்டினால் பிள்ளை எழுந்து விடிய விடிய அழும். "சும்மா சாத்தி வை, நான் வந்து தாழ் போட்டுக்கிறேன்" என்று சொல்லிவிட்டான். அவளும் சாத்தி வைத்துவிட்டு, ஜெபம் சொல்லிக்கொண்டே படுப்பாள். எப்போது கண் அசந்தது என்றே தெரியாது.

இந்த லட்சணத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் தினமும் கதவு திறக்கிற சத்தம் வேறு.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்த கையோடு நாகேஷைப் பிடித்துக் கேட்டுவிட்டாள்.

"பழைய கேம்தாங்க. குகை குகையாப் போயி சாவி தேடணும். எந்தப் பெட்டியில எந்தச் சாவின்னு எனக்கு மனப்பாடம். அதான் எல்லாத்தையும் கலைச்சுப் போட்டு ஆடிகினு இருக்கேன்."

அதற்கென்று ஒரு சின்ன புரோகிராமாம். நெட் சென்டரிலிருந்து பென் டிரைவில் கொண்டுவந்தானாம். ஒரு நம்பரைக் கொடுத்தால் விளையாட்டிலிருக்கிற சாவி, வாள், விளக்கு எல்லாவற்றையும் பெட்டிக்குப் பெட்டி மாற்றி வைத்துவிடுமாம். வேறு நம்பர் கொடுத்தால் வேறு மாதிரி. முதல் தடவை, ஒரு கதவின் சாவி அதே கதவுக்கு உள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டதாம். ஹீரோ வெளியே நின்றது நின்றபடியாம். அதைச் சரிபண்ணவே ஒரு வாரம் ஆனதாம்.

சொல்லும்போதே அவனுக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

"முடிச்ச விளையாட்டை எதுக்குத் திரும்ப விளையாடணும்?"

"தெரிஞ்சதையே பாத்துகினு இருந்தா தூக்கம் வந்துடுதுங்க."

"ராத்திரி தூங்கறதுக்குத்தானே இருக்கு?"

அவன் தலையைச் சொறிந்தான்.

"சரி, சத்தத்தையாவது குறைங்க. குழந்தை இருக்கிற வீடு."

"கொஞ்சம் கேக்கட்டுங்க. கேட்டா நல்லதுதான்."

என்ன திமிர் பாருங்கள். ஸ்வீட்லின் நேரே வீட்டு ஓனர் சுப்புரத்தினத்திடம் போனாள். சத்தத்தில் பிள்ளை வீறிட்டு வீறிட்டு எழுகிறது என்றாள். அந்தச் சத்தத்துக்குப் பிள்ளை ஒருநாளும் எழுந்ததில்லை. கான்வென்ட் இங்கிலீஷில் 'நியூசென்ஸ்' என்று ஒரு வார்த்தையையும் சேர்த்ததும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இனி சத்தம் வந்தால் அவனும் அவன் அம்மாவும் மாதக் கடைசியில் வீட்டைக் காலி பண்ணவேண்டியதுதான் என்று நாகேஷிடம் சொல்லி அனுப்பினார்.

பாவம், பகலெல்லாம் தறியில் நிற்கிறவன் என்று ஜெபசிங் இழுத்தான். தனியாகக் கிடக்கிறவளுக்குத்தான் அந்தப் பயம் தெரியும் என்று அவன் வாயை அடைத்தாள்.

அன்றோடு சத்தம் நின்றது.

மறுநாள் இருட்டினதும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தவள் சட்டென்று பின்வாங்கினாள். பக்கத்துப் படியில் அவன் உட்கார்ந்திருந்தான். பார்வை இவள் வாசலில். அதற்கடுத்த நாளும் அப்படியே.

பொழுது விடிந்ததும் விடியாததுமாக அவன் அம்மா பங்காருவிடம் போய் நின்றாள். உங்கள் மகன் எதற்காக எங்கள் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான் என்று கேட்டாள். போலீஸ் என்ற வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது.

பங்காரு அரிசி புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"தப்பா நெனைக்காதம்மா. ஆடி மாசக் காத்துல ஒரு ராத்திரி உங்க கதவு தானா தொறந்துகிச்சு. நீ புள்ளையக் கட்டிகினு அசந்து தூங்கறே. இவன்தான் பாத்தான். ஆம்பள இல்லாத வீட்டுல உள்ள வந்து எழுப்பவா முடியும்? இழுத்துச் சாத்திட்டு, உங்க வீட்டுக்காரர் வர்ற வரைக்கும் தெருவுலயே நின்னான்."

ஸ்வீட்லின் திரும்பித் தன் வீட்டுக் கதவைப் பார்த்தாள்.

"அன்னிலேந்து உங்க வீட்டுல தாழ் விழற சத்தம் கேட்டாத்தான் படுப்பான். மொத பஸ்சுல பொதட்டூர்பேட்டைக்குத் தறி வேலைக்கு ஓடறவன், எப்படி முழிச்சிகினு இருப்பான்? அதுக்குத்தான் அந்த விளையாட்டு. இங்க ஒரு ஆளு முழிச்சிகினு இருக்கான்னு போறவன் வர்றவனுக்குத் தெரியட்டும்னுதான் சத்தமும். அது கூடாதுன்னுட்டாங்க, இப்ப கொசுக்கடியில குந்திகினு இருக்கான்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நானும் அவங்கிட்ட அதான் சொன்னேன். வேணாம் நைனா, சொல்லிடலாம்னேன். கதவு தொறந்து கெடந்துச்சுன்னு தெரிஞ்சா, அந்த அக்கா அப்புறம் தூங்கவே தூங்காதுன்னுட்டான்."

அன்று ராத்திரி பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு ஸ்வீட்லின் வாசலுக்கு வந்தாள். அவன் படியிலிருந்து எழுந்து நின்றான்.

"போய்ப் படுங்க, நாகேஷ்."

உள்ளே வந்தாள். பிள்ளை எழுந்தால் எழட்டும் என்று, அவன் காதில் நன்றாக விழும்படி, கதவைத் தாழ் போட்டாள்.