படத்தில் இருந்த இன்னொருத்தி

2006இல் அருள்புரம் பனியன் கம்பெனிக்கு வெளிநாட்டு மியூசியம் ஒன்றின் ஆர்டர் வந்தது. பனியனின் நெஞ்சில் நானூறு வருஷத்துப் பழைய ஓவியம். கட்டிலில் கிடக்கும் தளபதியின் கழுத்தை இரண்டு பெண்கள் அறுக்கிறார்கள்.

செக்கிங் மேஜையில் வேலாத்தாளும் சாரதாமணியும் ஒவ்வொரு பீஸையும் உற்றுப் பார்த்தார்கள். சாரதாமணிக்கு ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. புருஷன் செல்வக்குமார் அடித்த அடி. அந்தக் கண்ணைப் பார்க்க வேலாத்தாளால் முடியவில்லை. படத்தையே பார்த்தாள்.

"கத்தி வெச்சிருக்கறவ தள்ளி நிக்கறா பாருங்க. ரத்தம் மேல படக்கூடாதுன்னுங்களா?" என்றாள் சாரதாமணி.

"இன்னொருத்தியப் பாரு கண்ணு. அவ அமுக்கிப் புடிக்கலீன்னா இவளால ஒண்ணும் ஆகாது."

ஆர்டர் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, சாரதாமணி வீட்டுக்குப் போலீஸ் வந்தது. கட்டிலில் செல்வக்குமார் கழுத்தறுபட்டுக் கிடந்தான். பக்கத்தில் அரிவாள்மணை.

"நாந்தானுங்க அறுத்தேன். வேற ஆரும் இல்லீங்க" என்றாள் சாரதாமணி. அவள் சேலையில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

"ஆறடி ஆள. நீ ஒருத்தியா?" இன்ஸ்பெக்டர் நம்பவில்லை.

அடுக்களையிலிருந்து வேலாத்தாள் வந்தாள். மார்பெல்லாம் ரத்தம்.

"அமுக்கிப் புடிச்சது நானுங்க."

"நீ யாரும்மா? பக்கத்து வீடா?"

"இவனப் பெத்தவளுங்க. சின்னதுல வெளக்கெண்ண ஊத்தறப்பவும் நாந்தானுங்க அமுக்கிப் புடிப்பேன்."