நுரைக்காத துளி

நுரைக்கவில்லை.

கண்ணாடி ஸ்லைடின் மேல் ஒரு சொட்டு பெராக்சைடு. அதில் கிருமியைத் தொட்டெடுத்த பல்குத்தும் குச்சியின் நுனி. ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

ஒரு குமிழ்கூட இல்லை.

காலையில் இதே கிருமி பொங்கு பொங்கென்று பொங்கியது. பொங்கினால் ஒரு கிருமிக் குடும்பம், பொங்காவிட்டால் வேறு குடும்பம். பொங்கியதால், இது தோலில் சும்மா குடியிருப்பது, பிள்ளைக்கு ரத்தம் எடுக்கும்போது ஊசியோடு வந்திருக்கும் என்று எழுதி அனுப்பிவிட்டாள்.

அதை நம்பி வார்டில் மருந்தை நிறுத்திவிட்டார்கள்.

பிறந்து சில நாளே ஆன பிள்ளை. இன்னும் பெயர் வைக்கவில்லை. சீட்டில் ‘ஜெபக்கனியின் குழந்தை’ என்றுதான் இருக்கும். இன்று வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

மதியம் சோற்றைப் பாதியில் மூடி வைத்தாள். எழுந்து போய் மறுபடி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாள். தோல் கிருமி கொத்துக் கொத்தாக இருக்கும். இது சரம் சரமாக இருந்தது.

அப்போதுதான் உறைத்தது.

கிருமியை வளர்த்த தட்டு ஆட்டு ரத்தம் கலந்தது. ரத்தம் பட்டாலே பெராக்சைடு நுரைக்கும். முழங்காலைச் சிராய்த்துக்கொண்ட எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். காலையில் குச்சியை ஆழமாகக் குத்தி, ரத்தத்தையும் சேர்த்து அள்ளியிருக்கிறாள். நுரைத்தது கிருமி அல்ல, ஆடு.

அவசரக்காரிக்குப் புத்தி மட்டு.

இந்த முறை பாலாடையை எடுப்பதுபோல் மேலாக எடுத்தாள். பொங்கவில்லை. ஆக, இது ஸ்ட்ரெப்டோகாக்கஸ். பிள்ளையின் ரத்தத்துக்குள்ளேயே இருப்பது. பச்சைப் பிள்ளைகளின் உயிரை எடுப்பது. ஆனால் பென்சிலின் என்றால் அடங்கிவிடும்.

தன் தப்பைத் தானே பிடித்துவிட்டதில் அவளுக்கு அப்படியொரு ஆனந்தம்.

ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்ட சீஃப் டாக்டரிடம் ஸ்லைடை நீட்டினாள். அவர் வெகுநேரம் பார்த்தார். ரிப்போர்ட்டைத் திருப்பிக் கேட்டால் வார்டுக்காரர்கள் வருஷம் முழுக்கக் கேலி பேசுவார்கள் என்றார்.

“பேசட்டும் சார்.”

அவரே போனை அவள் பக்கம் தள்ளினார். அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது.

வார்டில் சிஸ்டர் எடுத்தார். தாயும் பிள்ளையும் இப்போதுதான் படியிறங்கிப் போகிறார்கள் என்றார். அவள் சொல்லி முடிப்பதற்குள் ரிசீவர் மேசையில் விழுந்தது. செருப்புச் சத்தம் ஓடியது.

“எம்மா ஜெபக்கனி, நில்லு. பிள்ளைய மேல கொண்டா.”

பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

ஆய்வகத்துக்குப் புட்டிகள் வரும், சீட்டுகள் வரும். பிள்ளைகள் வருவதில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு நோயாளியின் குரலைக்கூட அவள் கேட்டதில்லை.

ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

தூரத்தில் ஓர் அழுகை. நல்ல கோபமான, உரத்த அழுகை. படியேறி, நெருங்கி, இன்னும் நெருங்கி வந்தது.

அவள் ரிசீவரைச் சீஃப்பின் காதருகே நீட்டினாள்.