மேல்மாடிப் புகார்

உள்ளரங்கப் பந்தயத் தடத்தில் கவிழ்ந்து கிடக்கும் ரிமோட் கார்களைக் கடைக்காரன் நிமிர்த்திக்கொண்டிருக்கிறான். கழுத்தில் அளவு நாடாவோடு மேல்மாடித் தையற்காரம்மா இறங்கி வந்து நிற்கிறாள். "தம்பி, காலையிலேருந்து உன் கார் சத்தம் காதுக்குள்ள வண்டாக் குடையுது. இன்னைக்கு பில்டிங் ஓனர்கிட்ட சொல்லத்தான் போறேன்." ஏற்கெனவே இரண்டு புகார் போயிருக்கிறது, இதுவும் போனால் இடத்தைக் காலி செய்யவேண்டியதுதான். "ஒரே ஒரு சுத்து ஓட்டிப் பாருங்கக்கா, அப்புறம் போய்ச் சொல்லுங்க" என்று ரிமோட்டை நீட்டுகிறான். முறைத்துக்கொண்டே வாங்குகிறாள். டியூப்லைட் வெளிச்சத்தில் சிவப்புக் கார் சீறிப் போய்ச் சுவரில் முட்டுகிறது, பின்வாங்குகிறது, அடுத்த வளைவைப் பிசிறில்லாமல் கடக்கிறது. விரல் அழுத்தும்போதெல்லாம் அவளுடைய வலது காலும் வெறுந்தரையை மிதிக்கிறது. "அக்கா, ரவிக்கை வாங்க வந்திருக்காங்க" என்று மாடியிலிருந்து குரல் வருகிறது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "உக்காரச் சொல்லுடி, வரேன்."