சுருளி முட்டாத ஆள்

யசோதாவைப் பெண் பார்க்க யார் வந்தாலும் அக்கா பூங்கோதையைப் பின்பக்கத் தொழுவத்தில் உட்கார வைத்துவிடுவார் அப்பா. பேச்சு வராத அக்கா அங்கே முன்னும் பின்னும் ஆடியபடி முனகிக்கொண்டே இருப்பாள். தினமும் பால் கறக்கிற அப்பாவையே முட்டித் தள்ளும் சுருளி எருமை, அந்த முனகலைக் கேட்டதும் அவள் மடியில் தாடையை வைத்துக் கண்ணை மூடிவிடும்.

அன்று வந்தது நாலாவது மாப்பிள்ளை வீடு.

"பின்னாடி என்னங்க சத்தம்?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"எருமைங்க," என்றார் அப்பா.

காபித் தட்டோடு நின்ற யசோதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தட்டை ணங்கென்று தரையில் வைத்தாள்.

"எருமை இல்லீங்க. எங்கக்கா. எனக்கு மூத்தவ." மாப்பிள்ளையை நேராகப் பார்த்தாள். "என்னைப் பாத்தாச்சுல்ல? இனி உங்களை அவளும் அவ எருமையும் பாக்கணும். வாங்க."

"அடியே!" என்று எழுந்தார் அப்பா. மாப்பிள்ளையின் சட்டையைப் பிடித்து இழுத்தார் அவன் அம்மா. அவன் விடுவித்துக்கொண்டு யசோதாவின் பின்னால் நடந்தான்.

காலடிச் சத்தத்தில் அக்காவின் முனகல் நின்றது. சுருளி அவள் மடியிலிருந்து தலையைத் தூக்கியது.

யசோதா தொழுவத்துப் படலை அகலத் திறந்துவிட்டு, அவன் நுழைய ஒதுங்கி நின்றாள்.