ஹால் லைட்டு அணைய மாட்டேங்குது

"மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணாம ஏணில ஏறுனீங்க, இன்னிக்கு இந்த வீட்டுல சோறு கிடையாது!"

டோரிஸ் ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டு கத்தினாள். அவள் கணவர் மரியநாதன் அதற்குள் மூன்றாவது படியில் நின்றிருந்தார்.

"சத்தம் போடாத மா. லைட்டு சுவிட்ச ஆஃப் பண்ணியாச்சு. அது போதாதா? மெயின ஆஃப் பண்ணா டிவி போயிடும் லா. பேட்மிண்டன் ஃபைனலு, பத்தொம்பதுக்குப் பத்தொம்பது!"

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்த கையோடு மனுஷன் ஏணியைத் தூக்கிவிட்டார். ஹால் விளக்குக்கு ஒரு மாதமாகப் பைத்தியம் பிடித்திருந்தது. சுவிட்சை அணைத்தாலும் முழுசாக அணையாமல் மினுக் மினுக்கென்று கண்ணடித்துக்கொண்டே இருந்தது. பல்பை மாற்றிப் பார்த்தார், சரிப்படவில்லை. நேற்று பாலோ டவுனுக்குப் போய்ப் புது விளக்கே வாங்கி வந்துவிட்டார். பழையதைக் கழற்றி, ஒயரைக் கையால் பிடித்து முறுக்கி, புதியதை மாட்ட வேண்டும். முப்பது வருஷம் அவர் பார்த்தது பள்ளிக்கூட பஸ் ஓட்டும் வேலை. ஆனால் வீட்டில் எது கெட்டாலும் அவர்தான் இன்ஜினியர்!

போன வருஷம் டோரிஸின் தம்பி செல்வா இப்படித்தான் ஏறி, ஷாக் அடித்துக் கீழே விழுந்தான். இன்றைக்கும் அவன் வலது கை தோளுக்கு மேலே போவதில்லை.

"செல்வாவ நினைச்சுப் பாருங்க."

"உன் தம்பி அரைகுறை. நான் அப்படியா? இத்தன வருஷமா நான் பல்பு மாத்தல?"

கல்யாணமான நாளிலிருந்து இதே சண்டை. ஒரு தடவைகூட டோரிஸ் ஜெயித்ததில்லை. அன்றைக்கு அவள் வேறு பக்கமாக வந்தாள்.

"சரிங்க. நம்ம பொண்ணு ஆட்ரி சிங்கப்பூர்லேர்ந்து வாங்கியாந்த டெஸ்ட் பென்ன ஒரே ஒரு தடவ ஒயர் பக்கத்துல வச்சுப் பாருங்க. கரண்டு இருந்தா பீப்புன்னு கத்தும். கத்தலன்னா நான் வாயே திறக்க மாட்டேன்."

"நிஜமாவா?"

"நிஜமா."

மனைவி வாயைத் திறக்க மாட்டாள் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? அவர் பென்னை வாங்கிக்கொண்டு விளக்கின் மூடியைத் திறந்தார். டோரிஸ் ஒரு கையால் ஏணியைப் பிடித்தாள். மறு கையைக் கவுன் பைக்குள் விட்டுக்கொண்டு மனசுக்குள் மாதாவைக் கூப்பிட்டாள். அவர் சிரித்துக்கொண்டே பென்னை ஒயருக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

பீப்! பீப்! பீப்!

"அலமாக்!"

மரியநாதன் எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. முகம் வெளுத்துப் போயிருந்தது.

"ஆஃப் பண்ணியும் கரண்டா? டோரிஸ், நான் கைய வச்சிருந்தா?"

பதிலுக்குக் காத்திராமல் அவரே ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தார். டிவியும் நின்றது. யார் ஜெயித்தார்கள் என்றுகூட அவர் கேட்கவில்லை.

"இனிமே மெயின ஆஃப் பண்ணாம ஏணில கால் வைக்க மாட்டேன். ஒயர தொடவே மாட்டேன். மாதா மேல ஆணை. நாளைக்கு வயர்மேன் ஐயாசாமிய வரச் சொல்றேன்."

சாயங்காலம் டோரிஸ் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு மகளைப் போனில் கூப்பிட்டாள்.

"ஆட்ரி, ஜெயிச்சுட்டேன்டி! உங்கப்பா வாயாலயே ஆணையிட வச்சுட்டேன்!"

"அந்தப் பென்னு அவ்வளவு நல்லா வேலை செய்யுதா மம்மி?"

"எங்கடி செய்யும்? அதுல இருந்த பேட்டரிய போன மாசமே டிவி ரிமோட்டுக்குப் போட்டுட்டேன். கத்துனது என் பைக்குள்ள இருந்த போனு. அலாரத்துக்கு அந்தச் சத்தத்த வச்சிருந்தேன், அவரு பென்ன நீட்டுனதும் பைக்குள்ளேயே அமுக்கிட்டேன்."

மகள் சிரித்த சிரிப்பில் டோரிஸின் காது அடைத்தது.

"சிரிக்காதடி. சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துல ஃபாதர்கிட்ட இந்தப் பொய்யச் சொல்லியாகணும். அதுகூடப் பரவால்ல. நாளைக்கு ஐயாசாமி வந்து ஒயர்ல ஒண்ணுமே இல்லன்னுட்டா? அப்புறம் சாகுற வரைக்கும் உங்கப்பா என் பேச்சக் கேக்க மாட்டாரு."

அன்று ராத்திரி அவளுக்குத் தூக்கமே வரவில்லை.

மறுநாள் காலையில் ஐயாசாமி தன்னுடைய சொந்த டெஸ்ட் பென்னோடு வந்து சேர்ந்தார். விளக்கின் சுவிட்சை அணைத்துவிட்டு ஏணியில் ஏறினார். டோரிஸ் சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள். மாட்டிக்கொள்வதற்கு முன்னால் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று வாயெடுத்தாள்.

பீப்! பீப்! பீப்!

அவள் கை தன்னால் கவுன் பைக்குள் போயிற்று. பை காலி. போன் சமையலறையில் சார்ஜில் கிடந்தது.

"அண்ணே, இந்த வீட்டுக்கு ஒயர் போட்டவன் சுவிட்ச தப்பான ஒயர்ல மாட்டியிருக்கான்" என்றார் ஐயாசாமி. "நீங்க ஆஃப் பண்ணாலும் இங்க கரண்டு அப்படியே நிக்குது. அதனாலதான் லைட்டு அணையாம மினுக்குது. நேத்து வெறுங்கையால தொட்டிருந்தீங்கன்னா, இன்னிக்கு நான் கறுப்புச் சட்ட போட்டுக்கிட்டுத்தான் வந்திருப்பேன்."

"அதான் நேத்தே எங்க பென்னு கத்திருச்சே!" என்று மரியநாதன் நெஞ்சை நிமிர்த்தினார்.

டோரிஸுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கணவரின் கையை ஒரு தடவை அழுத்திப் பிடித்துவிட்டு, சமையலறைக்கு ஓடிப்போய் மகளுக்குச் செய்தி தட்டினாள்.

"சனிக்கிழமை ஃபாதர்கிட்ட சொல்ல ஒண்ணுமில்லடி. நான் சொன்னது பொய்யே இல்ல!"